மலையை வலப்பக்கம் வையுங்கள்!

(கேள்வி-பதில்)

இந்த வாரத் தபால் மொத்தமும் ஒரே விஷயம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களை வைத்து ஆளுக்கொரு கதை எழுதி ஒரே புத்தகமாகப் போடுவதென்று எங்கள் வேங்கிக்காலில் ஒரு வாட்ஸ்அப் குழு கிளம்பியிருக்கிறது. உறுப்பினர்கள் அறுபது பேர். செங்கம், ஆரணி, போளூர் தொடங்கி சிங்கப்பூர் வரை. ஆளாளுக்குத் தனித்தனியாக எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவையும் குழுவுக்குள்ளேயே பேசியிருந்தால் இந்நேரம் புத்தகம் பைண்டிங்கில் இருந்திருக்கும்.

குழு அட்மின், வேங்கிக்கால்
ரசிகர் புனைவு என்றதும் என் தாய்மாமன், ‘அடுத்தவன் பாத்திரத்தில் சமைக்கிற வேலை’ என்கிறார். என்ன பதில் சொல்ல?

‘பாத்திரம் அடுத்த வீடு, குழம்பு எங்களுடையது மாமா’ என்று சொல்லுங்கள். கம்பர் சமைத்ததும் வால்மீகியின் பாத்திரத்தில்தான். ஆனால் இரணியன் வதைப் படலம் வால்மீகி வீட்டு இலையில் இல்லாத பதார்த்தம். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் அகலிகையை இரவல் வாங்கினார். இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டதும் அவருடைய அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். மூலக்கதையிடம் கேட்க இவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது. கேள்வியே இல்லாமல் பாத்திரத்தை மட்டும் வாங்கி வந்தால் மாமா சொன்னதுதான் சரி. இன்னொன்று: விருந்து முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி, யார் வீட்டுடையது என்று முதல் பக்கத்திலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

‘நந்தினி ரசிகை’, செங்கம்
நான் நந்தினியை நல்லவளாக எழுதினேன். ‘கல்கி மன்னிக்க மாட்டார்’ என்று குதிக்கிறார்கள். இன்னொருவர் வந்தியத்தேவனை ஐ.டி. கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார், அவரை யாரும் கேட்கவில்லை. எதுவரை போகலாம்?

நம் அண்ணாமலையார் மலையைச் சுற்றிக் கிரிவலம் போயிருப்பீர்கள். 14 கிலோமீட்டர். ஒருவர் விடியற்காலையில் கிளம்புவார், ஒருவர் நடுராத்திரியில். ஒருவர் எட்டு லிங்கத்திலும் நின்று கும்பிடுவார், இன்னொருவர் எட்டு டீக்கடையிலும் நின்று கிளம்புவார். எல்லாருக்கும் கிரிவலக் கணக்குதான். மலை வலப்பக்கம் இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. பாத்திரத்துக்கும் அப்படி ஒரு மலை உண்டு. வந்தியத்தேவனுக்கு அது வாய்த்துடுக்கு. கம்பெனியில் சேர்ந்த அன்றே மேனேஜரிடம் வாய்கொடுத்து மாட்டி, அதே வாயால் தப்பித்தால் அவன் வந்தியத்தேவன்தான். உங்கள் நந்தினி நல்லவளாக இருக்கட்டும். உள்ளே கனல் அணையாமல் இருக்கட்டும். மலை இடப்பக்கம் வந்துவிட்டால் அது நடைப்பயிற்சி. உடம்புக்கு நல்லது, புண்ணியம் கிடையாது.

பயந்தவர், போளூர்
வக்கீல் நோட்டீஸ் வருமா?

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. தைரியமாகத் தூங்குங்கள். ஆனால் அடுத்த தொகுப்புக்கு ‘கணேஷ் - வசந்த்’ என்று உங்கள் குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. அவர்களைப் படைத்த சுஜாதா மறைந்தது 2008-ல். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. அனுமதி வாங்காமல் எழுத வேண்டுமென்றால் 2068 முடியும்வரை பொறுங்கள். கதை நன்றாக ஊறும். இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அதில் அவர் புதிதாகப் பிறப்பித்த ஆட்கள் அவருடையவர்கள். சினிமாவில் மட்டும் வரும் வசனம் சினிமாக்காரர்களுடையது. தொடருக்கு மணியம் வரைந்த படத்தை எடுத்து அட்டையில் போடுவதும் தனிக் கணக்கு. உங்கள் ஓவியரையே வரையச் சொல்லுங்கள். அரசு நமக்குக் கொடுத்தது கல்கியை. அவர் வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளையும் சேர்த்து அல்ல.

மறுபடியும் அட்மின், வேங்கிக்கால்
2,000 சொல் என்று விதி வைத்தோம். ஒருவர் 14,000 சொல் அனுப்பி, ‘ஒரு சொல்லை எடுத்தாலும் கதைக்கு உயிர் போய்விடும்’ என்கிறார்.

போகாது. சங்கப் பாட்டைத் தொகுத்தவர்கள் அடியை எண்ணித்தான் புத்தகம் பிரித்தார்கள். 4 முதல் 8 அடி குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு. பாட்டு நீண்டுவிட்டதென்று புலவரை விரட்டவில்லை. அடுத்த புத்தகத்தில் உட்காரவைத்தார்கள். அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்றே பெயர். விதி என்றால் கண்ணை மூடிக்கொண்ட விதியும் அல்ல. குறுந்தொகையில் 307, 391 என்று இரண்டு பாட்டு ஒன்பது அடி. அதைத் தொகுத்த பூரிக்கோவே விட்டுக்கொடுத்திருக்கிறார், ஓர் அடி! ஏழு மடங்கு அல்ல. உங்கள் ஆளிடம், ‘உங்களுடையது இரண்டாம் தொகுதியில்’ என்று பணிவாகச் சொல்லுங்கள். அது எப்போது வருமென்று கேட்பார். ‘தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். நாலு நாளில் அவரே வெட்டி அனுப்புவார்.

ஏமாந்த வாசகி, ஆரணி
அறுபது பேரில் நாற்பது பேர் வந்தியத்தேவனையே எழுதுகிறார்கள். பட்டுச்சேலைக் கடையில் எல்லாரும் ஒரே சேலையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது!

ஆரணிக்காரர் சொன்னால் உவமைக்கு மதிப்பு அதிகம். கதை வந்தபிறகு இடம் ஒதுக்கினால் இப்படித்தான். முதலில் தறியில் பாவு ஓட்டுங்கள், அப்புறம் ஊடை. அகநானூற்றைப் பாருங்கள்: 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை; 2, 8-ல் முடிந்தால் குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; 10, 20 என்றால் நெய்தல். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே போட்ட எக்செல் ஷீட்! ஐங்குறுநூறு இன்னும் கறார். ஐந்து புலவர், ஐந்து திணை, தலைக்கு நூறு பாட்டு. கபிலருக்குக் குறிஞ்சி, ஓதலாந்தையாருக்குப் பாலை. ‘வெயிலாக இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்’ என்று ஓதலாந்தையார் அடம்பிடித்ததாகத் தகவல் இல்லை. வந்தியத்தேவனுக்குப் பத்து இடம் என்று பூட்டுங்கள். பூங்குழலியும் சேந்தன் அமுதனும் மந்தாகினியும் எழுத ஆளில்லாமல் கோடிக்கரையில் காத்திருக்கிறார்கள்.

‘குந்தவை 2.0’, ஊர் வேண்டாம்
நான் கதை எழுதுவது வீட்டில் தெரியாது. புத்தகத்தில் சொந்தப் பெயர்தான் போட வேண்டுமாம். விலகிவிடட்டுமா?

வேண்டாம். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் — இவர்கள் வீட்டில் வைத்த பெயர் யாருக்குத் தெரியும்? பாட்டில் வந்த ஒரு சொல்லே பெயராகிவிட்டது. ஆக, சொந்தப் பெயர் இல்லாமல் புத்தகத்தில் நிற்பது தமிழில் பழைய ஏற்பாடுதான். அட்மினுக்கு ஒரு வார்த்தை: எந்தப் பெயர் அச்சாக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்தபின் ஸ்டிக்கர் ஒட்டுவது கல்யாணப் பத்திரிகைக்கே அழகில்லை.

கோபத்தில் வெளியேறியவர், கீழ்பென்னாத்தூர்
என் கதையில் ஒற்றுப்பிழை என்று சிவப்பில் அடித்துவிட்டார்கள். ஒரு ‘க்’குக்காக இவ்வளவா?

சோழ நாட்டில் ஒற்று எவ்வளவு முக்கியம் என்று ஆழ்வார்க்கடியானைக் கேளுங்கள்! கரிகாலன் வந்தியத்தேவனிடம் ‘வேலை கொடு’ என்றால் சம்பளத்துக்கு ஆள் சேர வந்திருக்கிறான் என்று பொருள். ‘வேலைக் கொடு’ என்றால்தான் கைக்கு வேல் வரும். போர்க்களத்தில் அந்த ஒரு ‘க்’குக்கு உயிர் விலை. திருத்தியவரும் ஒரு காரியம் செய்திருக்கலாம். சிவப்பில் அடிக்காமல் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கலாம். எழுத்துப்பிழையைத் திருத்த அனுமதி தேவையில்லை, வாக்கியத்தை மாற்றக் கேட்க வேண்டும், முடிவை மாற்றக் கேட்கவே கூடாது. இந்த மூன்றையும் எழுதிக் குழுவில் முதலிலேயே போட்டிருந்தால் நீங்கள் இந்நேரம் உள்ளே இருந்திருப்பீர்கள்.

உள்ளூர் அபிமானி, வேங்கிக்கால்
வந்தியத்தேவன் நம் அண்ணாமலையார் ராஜகோபுரத்தைப் பார்த்து மலைத்து நின்று, எதிர்க்கடையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவதாக எழுதினேன். நீக்கிவிட்டார்கள்!

217 அடிக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, பதினாறாம் நூற்றாண்டு. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்தபின் இந்த மண்ணுக்கு வந்தது. உங்கள் வந்தியத்தேவன் அங்கே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்தால்தான் பஜ்ஜி கிடைத்திருக்கும்; அதற்குள் எண்ணெய் ஆறிவிடும். அவன் மலையைப் பார்க்கட்டும், மிளகு போட்ட எதையாவது சாப்பிடட்டும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் பெயரைச் சொல்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. கல்வெட்டு பேசும் இடத்தில் காதுகொடுங்கள். அது வாய்மூடும் இடத்தில் பேனா எடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் முன்பே இணையத்தில் கூடி, நாவலில் வந்த ஊர்களுக்குப் பயணம் போய், கல்வெட்டு படிக்கக் கற்று, ‘வரலாறு டாட் காம்’ என்ற மின்னிதழே நடத்தினார்கள். விசிறி முற்றினால் ஆராய்ச்சியாளர்!

குழம்பியவர், தண்டராம்பட்டு
12-ஆம் கதையில் நந்தினி செத்துப்போகிறாள். 13-ஆம் கதையில் காய்கறி வாங்குகிறாள். எதை எடுப்பது?

இரண்டையும் போடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள். மூல ஆசிரியர்களே இதைச் செய்திருக்கிறார்கள். ஜெயகாந்தன் 1966-ல் எழுதிய ‘அக்கினிப் பிரவேச’த்தில், தாய் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விடுவிக்கிறாள். நாடே சண்டைக்கு வந்தது. அந்தத் தாய் ஊர் கேட்க அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். பெருமாள்முருகன் ‘மாதொருபாக’னுக்குப் பிறகு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சி எழுதினார். ‘ஆலவாய’னில் காளி இறந்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்திருக்கிறான். மணிரத்னம் படத்தில் சேந்தன் அமுதனின் ரகசியமே காணாமல் போயிற்று. இத்தனையையும் தாங்கிய தமிழ் வாசகர், நந்தினி கத்தரிக்காய் வாங்குவதையும் தாங்குவார்.

புலம்பெயர்ந்தவர், சிங்கப்பூர்
இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம் இல்லையா? கதைக்கு முன்னால் ‘டேக்’ போடச் சொல்கிறார்கள்.

மேல்நாட்டிலும் உண்டு. 1967-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்று சொந்தமாக இதழ் போட்டார்கள். ரசிகர் கதைகளுக்கென்றே உள்ள ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ களஞ்சியத்துக்கு 2019-ல் ஹியூகோ விருது. ஆனால் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற அதே ஆட்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புலவர்கள் எழுதிய ஊர் நம்முடையது. ஆட்களுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்றுகூட விதி. டேக் எங்கே என்றால், அகப்பாட்டின் அடியில் பாருங்கள்: யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னது என்று ஒரு வரி இருக்கும். படிக்கிறவர் வழிதவறாமல் இருக்கப் போட்ட வரி. நீங்களும் ‘சோகம்’, ‘கொலை உண்டு’, ‘பாட்டிக்குக் காட்ட வேண்டாம்’ என்று தாராளமாகப் போடுங்கள்.

பொருளாளர், வேங்கிக்கால்
செலவு? தலைக்கு 500 ரூபாய் கேட்டதும் குழுவில் பாதிப் பேர் ‘ஆன்லைன்’ காட்டவில்லை.

அச்சகத்தில் கணக்கு ஃபாரத்தில். ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். 161-ஆம் பக்கத்தில் யாராவது நன்றியுரை எழுதினால் பதினோராவது ஃபாரம் திறக்கும். நன்றியை அதற்குள் சொல்லி முடியுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசு முகமையே இலவசமாகத் தருகிறது. அதற்குக் காசு கேட்பவரிடம் வாங்காதீர்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்ற சட்டம் 1954-ல் வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்த அதே ஆண்டு. வரவு செலவை வாரா வாரம் குழுவில் போடுங்கள். கதையில் மர்மம் இருக்கலாம், கணக்கில் கூடாது.

அவசரக்காரர், வேங்கிக்கால்
கார்த்திகை தீபத்தன்று நம் ஊரிலேயே வெளியீட்டு விழா. வருவீர்களா?

அன்றைக்கு 2,668 அடி உச்சியில் அண்ணாமலையாரே வெளியீட்டு விழா வைத்திருக்கிறார். உங்கள் கூட்டத்துக்கு மைக் செட்காரர்கூட வரமாட்டார். தீபத்தைக் கதை அனுப்பக் கடைசி நாளாக வையுங்கள், யாருக்கும் மறக்காது. குழுவில் தினமும் சண்டை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வியா? திங்கட்கிழமை மனு நாள். அதையே பின்பற்றுங்கள்: வாரத்தில் ஒரு நாள், ஒருவருக்கு ஒரு மனு, மனு ஒரு பக்கம். மற்ற ஆறு நாள் கதை எழுதட்டும். கல்கி மூன்றரை ஆண்டு வாரா வாரம் எழுதினார். அவருக்குக் குழு இல்லை என்பதும் ஒரு காரணம்.

கடைசியாக அட்மின், வேங்கிக்கால்
ஆறு மாதமாகத் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் தொகுப்பில் என் கதை ஒன்றுகூட இல்லை. எனக்கு என்னதான் மிச்சம்?

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்று பெயர் நிற்கிறது. நற்றிணைக்கு, தொகுக்கச் சொன்ன பாண்டியன் மாறன் வழுதியின் பெயர் இருக்கிறது. உட்கார்ந்து தொகுத்தவர் பெயர் இல்லை. ஆதரித்தவர் நின்றார், அடி எண்ணியவர் போனார். ஆனாலும் நற்றிணையை எந்தப் பக்கம் திறந்தாலும் அந்தப் பெயர் தெரியாதவர் வைத்த இடத்தில்தான் பாட்டு இருக்கிறது. மிச்சம் அதுதான். அது போதாதென்றால், அட்டைக்கு உள்பக்கத்தில் ‘தொகுத்தவர்’ என்று போட்டு உங்கள் பெயரை நீங்களே டைப் அடியுங்கள். அறுபது பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வராது. புரூஃப் பார்க்கும்போது வேறு எந்தப் பக்கத்தை விட்டாலும் அந்தப் பக்கத்தை விடாதீர்கள், ஒற்றோடு பாருங்கள்.