மிஞ்சிய நட்டும் கிடைக்காத நட்டஈடும்: சங்கரன்கோவில் ஷெட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வண்டி வேலைக்கு முன்கூட்டியே கூலி பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ராமாயணக் கதைதான். தசரதன் தேரில் அச்சாணி கழன்றபோது கைகேயி விரலைக் கொடுத்து ஓட வைத்தாள் என்பார்கள் நம் பாட்டிமார். எஸ்டிமேட் கிடையாது, பில் கிடையாது, இரண்டு வரம் கடன். வசூலுக்கு வந்தபோது பதினான்கு வருஷம் காடு. இத்தனைக்கும் அது குறையில்லாத வேலை. குறையுள்ள வேலையைப் பற்றி அறிஞர்கள் மௌனம் சாதிப்பதால் இவ்வாய்வு தேவையாகிறது.

கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணுக்குத் தீராத நோய் இல்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. காரின் லிங்க் ராடு அதில் சேராது, அதற்கு ஷெட்தான். முன்பக்கம் இடதில் கடகட சத்தம் என்று விட்ட கார், மாலையில் திரும்பி வந்தது. டேஷ்போர்டில் கிரீஸ் துணி. துணிக்குள் ஒரு நட்டு.

“தம்பி, இது எதுல உள்ளது?”

“அது எக்ஸ்ட்ரா அண்ணாச்சி.”

கம்பெனிக்காரன் விவரமில்லாமல் கூடுதலாகப் போட்டு அனுப்பியதை எங்கள் ஊர்த் தம்பி ஒரே பகலில் கண்டுபிடித்திருக்கிறான். கழுகுமலை போவதற்குள் சத்தம் வலதிலும் கேட்டது. “ஓடி ஓடி செட்டாயிரும்” என்றான் போனில்.

இனி சட்டம். 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ளவன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தம்பியின் சொந்த வண்டிக்கு ஸ்டாண்டு இல்லை. சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. சட்டம் எழுதியவர்கள் அளவுகோலை மெக்கானிக்கிடம் விடாமல் விவேகமுள்ளவனிடம் விட்டது தீர்க்கதரிசனம்.

2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தாராளம். செய்த வேலையின் தரத்திலோ விதத்திலோ உள்ள எந்தக் குறையும் சேவைக் குறைபாடே. ஆனால் இலவசமாகச் செய்தது சேவையில் சேராது. இங்கேதான் நம் ஆட்களின் மேதைமை. மறுபடி வண்டியைக் கொண்டுபோனால், “உங்ககிட்ட போய் காசா அண்ணாச்சி!” என்று கையைப் பிடித்து டீ வாங்கித் தருவார்கள். அந்தப் பாசத்தில் இரண்டாம் ரிப்பேர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. முதல் ரிப்பேருக்குத்தான் காசு கொடுத்தோமே என்றால், பில் இல்லை. பில் தராததே முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்வது இருவருக்கும் தெரியாது.

சாட்சி? அடுத்த ஷெட்காரர் குனிந்து பார்த்து, “எவன் பார்த்த வேலை இது?” என்பார். எழுதித் தரச் சொன்னால், அவன் நம்ம மச்சான் முறை என்று நிமிர்ந்துவிடுவார்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஷெட்டில் ‘நாளைக்கு’ என்பதும் ஏறக்குறைய அதே கால அளவுதான்.

ஆகவே வாசகர்களே, தம்பி வேண்டாம் என்றாலும் காசைக் கொடுங்கள்; கொடுத்த காசுக்கு, மாற்றிய பார்ட்ஸ் பெயரோடு பில் வாங்குங்கள். நட்டையும் எடுத்து வையுங்கள். 2 வருஷத்துக்குள், குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.