மைனஸ் ஒன்று வாங்கிய அம்பி

அபிராமபுரத்தில் இ.எம்.ஐ. அம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். வயது இருபத்தாறு, இருபத்தேழு. கழுத்தில் சோழிங்கநல்லூர் கம்பெனியின் அடையாள அட்டை. தெருவில் நடக்கும்போது நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு காரின் பின்பக்கத்தையும் வாசித்துக்கொண்டே போவான். இவனுக்கென்று ஒரு ஸ்கூட்டர் உண்டு, ஆர்.சி. புக் அம்மா பெயரில் இருக்கும்.

கை நிறையச் சம்பளம். ஜாதகம் கூட வெளியே எடுத்தாகிவிட்டது. ஆனால் சி.பி. ராமசாமி சாலையில் மழை பிடித்துக்கொண்டால் செல்போனில் கூப்பிட்ட வண்டி வராது. தப்பித்தவறி ஒன்று அகப்பட்டாலும் டிரைவர், "எங்க சார் டிராப்? கேஷா, ஜிபேவா?" என்று விசாரித்துவிட்டு ரத்து செய்துவிடுவார். அப்படி நனைந்த ஒரு நாளில்தான் எல்லா அம்பிகளும் கார் வாங்கும் முடிவுக்கு வருகிறார்கள்.

முடிவெடுத்த இரவே எக்செல் ஷீட் பிறந்துவிடும். மைலேஜ், ஏர்பேக், பூட் ஸ்பேஸ், சன்ரூஃப் என்று கட்டம் கட்டமாக நிரப்புவான். "இந்த வெயில்ல கூரையைத் திறந்துண்டு எங்கடா போகப்போற?" என்று அம்மா கேட்டதற்கு இதுவரை எந்த அம்பியும் பதில் சொன்னதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அன்று பல வீடுகளில் ஷீட்டைத் திருத்தி முடிக்க விடியற்காலை ஆகிவிட்டது. ஷோரூமுக்குப் போய் 'ஆன்-ரோடு' விலை கேட்டதும் பாதி சந்தோஷம் வடிந்தது வேறு கதை. 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம். அதன் தலையில் இன்ஷூரன்ஸ், அதன் தலையில் 'சார், ஃப்ளோர் மேட், சீட் கவர் எல்லாம் பேக்கேஜ்ல வந்துடும் சார்'.

சரி, லோன் போட்டுக்கொள்ளலாம் என்று அம்பி வீட்டில் வாயைத் திறக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பம்.

"நம்ம ஆத்துல மூணு தலைமுறையா யாரும் கடன் வாங்கினதில்லை" என்பார் அப்பா. உண்மைதான். தாத்தா கட்டிய வீட்டை பில்டரிடம் கொடுத்து அதற்குப் பதிலாக ஃப்ளாட் வாங்கிக்கொண்டதால் வீட்டுக்கடனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 1983இல் மாருதிக்குப் பதிவு ஆரம்பித்தபோது தாத்தா பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாகக் கட்டினார். அந்தக் காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டுக் காருக்குக் காத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் கார் உடனே வந்துவிடுகிறது. பணத்துக்குத்தான் பேங்க் ஏழு வருஷம் காத்திருக்கிறது.

அம்பியும் குலப்பெருமையைக் காப்பாற்றியவன். கிரெடிட் கார்டு விற்க வந்த பெண்ணிடம் "வேண்டாம் மேடம்" என்று சொல்லி அப்பாவிடம் நல்ல பேர் வாங்கியவன். அந்தத் தெம்பில் செல்போனில் தன் சிபில் ஸ்கோரைத் தேடுகிறான். 300இலிருந்து 900 வரை ஏதோ ஒரு எண் வர வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது: மைனஸ் ஒன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் கட்-ஆஃப் 198 எடுத்தவன். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வைத் தவிர வேறெங்கும் மைனஸைப் பார்த்தறியாதவன். அப்பாவிடம் காட்டுகிறான்.

"என்னடா இது, பூஜ்யம் கூடக் குடுக்கலையா?"

"இதுவரைக்கும் கடனே வாங்காதவனுக்கு இப்படித்தான்ப்பா போடுவா. ஹிஸ்டரி இல்லைன்னு அர்த்தம்."

"கடன் வாங்காதவனுக்குக் கடன் கிடையாது. வாங்கினவனுக்கு மேல மேல குடுப்பா. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நன்னாருக்குடா நியாயம்!"

எதிர் ஃப்ளாட்டில் அம்பி வயதிலேயே ஒரு பையன். செல்போன், ஏசி, பீன் பேக் வரை தவணையில்தான் வாங்குவான். "உருப்படாமப் போறதுக்கு அவன்தான் உதாரணம்" என்று அப்பா இத்தனை நாளாகக் காட்டிவந்த பையன். அவன் ஸ்கோர் 780 என்ற செய்தி வந்த இரவு அப்பா மோர் மட்டும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை நாகேஸ்வர ராவ் பூங்கா நடைக்கோஷ்டியில் விஷயம் அலசப்பட்டது. ஓய்வுபெற்ற பேங்க்காரர் ஒருவர் எல்லாக் கோஷ்டியிலும் இருப்பார். "வண்டிக்கடனை நாட்டுக்குக் கத்துக்குடுத்த ஊர் சார் இது. 1954ல டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆரம்பிச்சு லாரிக்கும் பஸ்ஸுக்கும் கடன் குடுத்தப்போ சிபில் எங்க இருந்தது? அது வந்ததே 2000லதான். நாங்கள்லாம் ஆளைப் பார்த்தே எடைபோட்டுடுவோம்" என்றார். அவர் எடைபோட்டுக் கொடுத்ததில் எத்தனை வாராக் கடன் ஆயிற்று என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அம்பி பேங்குக்குப் போகிறான். முதல் தடவை கடன் கேட்பவரை ஸ்கோர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய அரசே 2025இல் நாடாளுமன்றத்தில் தெளிவாக்கிவிட்டது. மேனேஜருக்கும் அது தெரியும். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "அப்பாவைக் கோ-அப்ளிகண்ட்டாப் போட்டுடலாமே" என்கிறார். அப்பாவின் பான் நம்பரைத் தட்டுகிறார். அங்கேயும் மைனஸ் ஒன்று. முப்பது வருஷமாக அதே கிளையில் டெபாசிட் வைத்திருப்பவர்! ஒருவழியாகச் சம்பளத்தை நம்பிக் கடன் தேறுகிறது. வட்டி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அடுத்த கண்டம் கையெழுத்து. அம்பி பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. எல்லாம் கட்டைவிரல் வியாபாரம். காலேஜில் சேர்ந்தபோது கணக்கு திறக்கப் போட்ட கையெழுத்தில் முழுப்பெயரும் இனிஷியலும் குண்டு குண்டாக, அடிக்கோட்டோடு இருக்கும். இப்போது போடுவது ஒரு சுழியும் ஒரு இழுப்பும். "மேட்ச் ஆகலையே சார்" என்று கவுண்டர் பெண் பழைய கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறாள். அம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, தன்னுடைய கையெழுத்தையே பார்த்துப் பார்த்துக் காப்பியடிக்கிறான்.

எத்தனை வருஷம் என்று கேட்டால் யோசிக்காமல் ஏழு என்பான். 8 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் ஐந்து வருஷத் தவணை மாதம் 16,607 ரூபாய். ஏழு வருஷம் என்றால் 12,871. "மிச்சத்தை எஸ்.ஐ.பி.ல போட்டுடுவேன்" என்பது எல்லா அம்பிகளும் எடுக்கும் சபதம். அந்த எஸ்.ஐ.பி. பெட்ரோல் பங்கில்தான் சேர்கிறது. இரண்டு வருஷம் நீட்டியதற்கு வட்டி மட்டும் ஏறக்குறைய 85,000 அதிகம் என்பது ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. நாலு வருஷம் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கணக்கில் காரின் மதிப்பு பாதி. அந்தக் கட்டத்தை ஷீட்டிலேயே வைத்திருக்கவில்லை.

டெலிவரி நாளில் சிவப்புத் துணியை விலக்கி, கேக் வெட்டி, கதவுயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அங்கிருந்து நேரே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன். எலுமிச்சம்பழம் நசுங்கியதும் வண்டி வீடு வந்து சேர்கிறது. பிறகு மந்தைவெளி ஆர்.டி.ஓ. தந்த ஆர்.சி. வருகிறது. டிஎன் 06 எண்ணை ரசித்துக்கொண்டே போன அப்பா, நடுவில் நிறுத்திவிடுகிறார்.

"இதுல பேங்க் பேர் போட்டிருக்கே?"

"ஹைப்பாதிகேஷன்ப்பா. லோன் முடியற வரைக்கும் இருக்கும்."

"அப்போ கார் பேங்கோடது. நீ டிரைவர்."

ஃப்ளாட்டுக்கு ஒரு கவர்டு பார்க்கிங்தான். அதில் தாத்தாவின் மாருதி உறை போட்டுத் தூங்குகிறது. அதை விற்பது பற்றிப் பேச முடியாது. புது வண்டி தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில். அம்பியின் காலைப் பொழுது காக்காய் எச்சம் துடைப்பதில் கழிகிறது. மெட்ரோ வேலையில் மந்தைவெளிப் பக்கம் ரோடு குறுகிக் கிடப்பதால், எவனாவது உரசிவிடுவான் என்று பயந்து ஆபீஸுக்குக் கம்பெனி வண்டியிலேயே போகிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, நிறுத்த இடமில்லாமல் அவள் கத்திரிக்காய் பொறுக்கி முடிக்கும் வரை சுற்றிச் சுற்றி வருகிறான்.

ஆனாலும் தவணை தவறியதில்லை. ஐந்தாம் தேதி நெருங்கினால் பீட்சா நின்று தயிர்சாத டப்பா கிளம்பிவிடும். ஆறேழு மாதத்தில் ஸ்கோர் வருகிறது: 760. அம்பி ஸ்கிரீன்ஷாட்டை ஃபேமிலி குரூப்பில் போடுகிறான். மாமாக்கள் கைகூப்புகிறார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு அம்பியின் அறைக்கு வந்து கதவைச் சாத்துகிறார்.

"எனக்கும் ஒரு லோன் பாரேன். பெரிசா ஒண்ணும் வேண்டாம், ஒரு வாஷிங் மெஷின் தவணையில வாங்கற மாதிரி."

"எதுக்குப்பா? காசு குடுத்தே வாங்கலாமே?"

"அறுபத்தஞ்சு வயசுல மனுஷன் மைனஸ்ல இருக்கப்படாதுடா."

அம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேனேஜர் பார்த்த மாதிரியே அப்பாவை மேலும் கீழும் பார்க்கிறான்.

"உங்களுக்கு ஹிஸ்டரி இல்லையேப்பா, கஷ்டம்தான். பார்க்கலாம், கோ-அப்ளிகண்ட்டா நான் கையெழுத்து போடறேன்."