துப்பாக்கி மனுவை வாபஸ் வாங்கலாமா?

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. வாபஸ் வாங்கலாமா? இந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?
- ஒரு விவசாயி, கம்மாபுரம்

பதில்: தாராளமாக வாங்கலாம். மனு எண்ணைக் குறிப்பிட்டு, கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். போலீஸ் விசாரணை தொடங்கியிருந்தால் ஸ்டேஷனிலும் ஒரு நகல் கொடுங்கள். பின்னாளில் மறுபடி விண்ணப்பித்தால், 'முன்பு மனு செய்தீர்களா, என்ன ஆயிற்று?' என்று படிவம் கேட்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மாநிலத்துக்கொரு துப்பாக்கிச் சட்டம் அமெரிக்காவில். இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும்தான் குமரி முதல் காஷ்மீர் வரை.

இன்னொன்று: லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. துப்பாக்கிக்கு அனுமதி கலெக்டரிடம். பன்றிக்கு அனுமதி வனத்துறையிடம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட, 2025-இல் தமிழக அரசு வனத்துறையினருக்குத்தான் அனுமதி தந்தது. நெல்லைக் காக்கப் போய் நீங்கள் கம்பி எண்ணக் கூடாது. சேதமான பயிரைப் படமெடுத்து, வி.ஏ.ஓ.விடம் காட்டி, வனத்துறையிடம் இழப்பீட்டு மனு கொடுங்கள். அந்த மனுவை மட்டும் எக்காரணம் கொண்டும் வாபஸ் வாங்காதீர்கள்!