டெசிக்னேஷன் இல்லாத பெருமாள்

வந்து இறங்கிட்டே பேராண்டி, சந்தோசம். அமெரிக்காக்காரன் கடையைச் சாத்தினாத்தான் உனக்குக் கல்லங்குறிச்சி ஞாபகம் வருது. பொங்கலுக்குக் கூப்பிட்டா, "தாத்தா, க்ளையன்டுக்கு அன்னிக்கு லீவு இல்லை"ங்கறே. கிறிஸ்மஸுன்னா கூப்பிடாமலே வந்து நிக்கிறே. ஏசுநாதர் பொறந்ததுல எங்க தெருவுக்குக் கிடைச்ச நன்மை இது. அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனா ஒன்னு சொல்றேன். வந்ததுலேருந்து உன்னைக் கவனிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பாயி உனக்குப் பாய் விரிச்சு வச்சா, நீ அதுமேல லேப்டாப்பைத் தூங்க வச்சே. "இந்த லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்து, கேரியரை ஒழுங்கு பண்ணப்போறேன்"னு சொன்னே. நானும் சரி, புள்ளைக்குப் புத்தி வந்திருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் செல்லுல ஒரு பட்டியலைக் காட்டினே பாரு! விடியக்காலம் தியானம், அப்புறம் ஏஐ வகுப்பு, இட்லி திங்கறப்ப பாட்காஸ்ட், மத்தியானம் ரெஸ்யூம், வெயில் தாழ லிங்க்ட்இன், ராத்திரி அடுத்த அஞ்சு வருசத் திட்டம். எல்லாத்துக்கும் நடுவுல "ஓய்வு"ன்னு அரைமணி நேரம். ஓய்வுக்கே அலாரம் வச்ச ஆளை இந்த அரியலூர் ஜில்லாவுல இப்பத்தான்டா பாக்குறேன். ஆபீசுல உன்னை மேனேஜர் ஓட்டுறான். இங்க வந்தா மாடும் நீயே, சாட்டையும் நீயே.

இந்த லீவு ஒன்னும் வானத்துலேருந்து இறங்கினது இல்லை. அமெரிக்காவுல கிறிஸ்மஸைச் சட்டம் போட்டு லீவு நாளாக்கினது 1870லதான். ஸ்காட்லாந்துல 1958 வரைக்கும் அன்னிக்கும் வேலைக்குப் போயிக்கிட்டுத்தான் இருந்தான். இப்ப அந்தப் பக்கத்துல நெறையப் பேரு டிசம்பர் கடைசியில ஆபீசைப் பூட்டிட்டுக் குளிருக்குப் போத்திக்கிட்டுப் படுத்துடறான். நம்ம ஐடி கம்பெனிங்க அதுக்கு ஃபர்லோன்னு பேரு சொல்லி, அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக் கணக்குல வருமானம் கொஞ்சம் தொங்கினா இதையும் ஒரு காரணமாக் காட்டுது. அதாவது, உன் லீவு கணக்குப் புத்தகம் வரைக்கும் ஏறியாச்சு. லீவு விட்டவன் படுத்துத் தூங்குறான். லீவு வாங்கின நீ முழிச்சிக்கிட்டு இருக்கே.

எப்படி ஓய்வெடுக்கறதுன்னு கத்துக்கணும்னா வகுப்புக்குப் பணம் கட்டாதே. வண்டியை எடுத்துக்கிட்டுக் கரைவெட்டி ஏரிக்குப் போ. 1999லேருந்து அது பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில ராம்சார் ஈரநிலப் பட்டியல்லயும் ஏறிருச்சு. மேட்டூர்த் தண்ணி புள்ளம்பாடி வாய்க்கால்ல வந்து ரொம்பற ஏரி. வரித்தலை வாத்துன்னு ஒன்னு, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கும், இமயமலையையே தாண்டிப் பறந்து வந்து பனிக்காலத்துல இங்க தங்குது. அம்புட்டுத் தூரம் வந்த பட்சி எதையாச்சும் நிரூபிக்குதா? மேயுது, தண்ணியில மெதக்குது, கழுத்தை மடக்கிக்கிட்டுத் தூங்குது. வெயில் ஏறினா வந்த வழியே கிளம்பிருது. நீ சென்னையிலேருந்து பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு வந்தே. அதுக்கே வழியெல்லாம் "பயணம் எனக்குக் கற்றுத்தந்த பாடங்கள்"னு எழுதிப் போட்டுட்டே!

நம்ம கோயில் கதையை நீ மறந்திருப்பே. மங்கான் படையாட்சி வீட்டுச் சினைப்பசு மந்தையிலேருந்து காணாமப் போச்சு. தேடாத எடம் இல்லை. கடைசியில கன்னுக்குட்டியோட, காட்டுல ஒரு கல்லுக் கம்பத்துக்கிட்ட நின்னு பால் சொரிஞ்சிக்கிட்டு இருந்துச்சாம். அந்தக் கம்பம்தான் நம்ம கலியுக வரதராசப் பெருமாள்னு தலபுராணம். அந்தப் பசு யாருகிட்டயாச்சும் லீவு லெட்டர் குடுத்துச்சா? சொல்லாமப் போச்சு, கன்னு போட்டுச்சு. நீ ஊரறியச் சொல்லிட்டு வந்து என்ன போட்டே? ஸ்டேட்டஸ் போட்டே.

இன்னொன்னையும் கவனி. நம்ம பெருமாளுக்கு மூலவர் செலை கெடையாது, வெறும் கம்பம்தான். சங்கு சக்கரம் பிடிச்ச கை இல்லை, சயனக் கோலம் இல்லை, ஒரு டெசிக்னேஷனும் இல்லை. ஆனா ராமநவமித் திருவிழாவுக்குச் சனம் எங்கேருந்தெல்லாம் வருதுன்னு உனக்கே தெரியும். வெளைஞ்சதுல மொதல் பங்கை, நெல்லோ கம்போ, கொண்டாந்து கொட்டுது. கன்னுக்குட்டியை ஓட்டிக்கிட்டு வர்றவனும் உண்டு. நீ பேருக்கு முன்னாடி "சீனியர்"னு ஒரு வார்த்தை ஒட்டலைன்னு அப்ரைசல் முடிஞ்சதுலேருந்து சோறு எறங்காம இருக்கே. மனுசன் தேடி வர்றது பட்டத்துக்கா, கைக்கு வர்ற பலனுக்காங்கறதைக் கோயில் வாசல்ல உக்காந்து ஒரு பொழுது யோசி. யோசிக்கறப்ப செல்லு வீட்டுல இருக்கட்டும்.

சரி, கேரியருக்கு வருவோம். பயந்துதான் இந்தப் பாடு படறேன்னு எனக்குத் தெரியாமலா? பேப்பரு நானும் படிக்கிறேன். 2025 ஜூலையில டிசிஎஸ் கம்பெனி சுமார் ரெண்டு சதவீத ஆளுங்களை, 12,000 பேருக்கு மேல, எடுக்கப்போறேன்னு சொன்ன நாளு, நீ அப்பாயிக்குப் போன் பண்ணி "சும்மாத்தான்"னு சொன்னே. சும்மாப் போன் பண்ற புள்ளையா நீ? பயம் இருக்கட்டும், தப்பில்லை. பயந்தவன்தான் வரப்பு வெட்டுவான். ஆனா பயத்தோட முடிவெடுக்காதே. தூங்காத கண்ணுக்கு மூங்கில் நிழலும் பாம்பாத்தான் தெரியும். லீவுல மொத நாலஞ்சு நாளைக்கு உடம்பு பழைய பாக்கியை வசூல் பண்ணும். தூக்கம் தூக்கமா வரும், யாரைப் பாத்தாலும் எரிச்சல் வரும், வேலையையே விட்டுறலாம்னு தோணும். அந்த நாளுல எடுக்கற முடிவை நம்பாதே.

அப்புறம், உன் ஐந்தாண்டுத் திட்டத்தை மடிச்சு வச்சிட்டு, இந்த வருசம் பூரா செஞ்ச வேலையை அப்பாயிகிட்டச் சொல்லு. அவளுக்குப் புரியற மாதிரி சொல்லணும். நேத்து ராத்திரியே நீ கொஞ்சம் ஆரம்பிச்சுட்டே, நான் கயித்துக்கட்டில்ல தூங்கற மாதிரி படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏதோ ஆஸ்பத்திரிக்கு, நோயாளி வரிசையில காத்துக்கெடக்காம இருக்க ஒரு ஏற்பாடு பண்ணினதைச் சொன்னே. கஞ்சி ஆறினது தெரியாமப் பேசினே. அப்புறம் மேனேஜருக்கு வாராவாரம் போடற கலர்ப் படத்தைப் பத்திச் சொன்னே. ரெண்டு கொட்டாவி விட்டே. உன் மேனேஜருக்குத் தெரியாதது, உன் ரெஸ்யூம்ல இல்லாதது, அங்கேயே வெளியில வந்திருச்சு. எதைப் பேசறப்ப கஞ்சி ஆறுதோ அந்தப் பக்கம் நட. கொட்டாவி வர்ற வேலையைக் கொறைக்கப் பாரு. இதுக்கு ஆலோசகர்கிட்டக் காசு குடுக்கவேண்டாம். அப்பாயிக்கு வெத்தலை பாக்கு வாங்கிக் குடு, போதும்.

"முப்பத்திரண்டு வயசாச்சு தாத்தா, புதுசா என்ன ஏறும்"னு ஒரு பேச்சு பேசறே. கிறிஸ்மஸ் ராத்திரி ஏலாக்குறிச்சி அடைக்கலமாதா கோயிலுக்குப் போயிட்டு வா. அங்கே இருந்தவரு வீரமாமுனிவர். 1680ல இத்தாலியில பொறந்தவரு, முப்பது வயசை ஒட்டித்தான் இந்தப் பக்கம் வந்தாரு. வந்தப்புறம்தான் நம்ம தமிழை அரிச்சுவடியிலேருந்து படிச்சாரு. காவியம் எழுதினாரு, 1732ல சதுரகராதி முடிச்சாரு, நம்ம எழுத்துல எகர ஒகரக் குழப்பத்தையும் தீர்த்தாரு. பரமார்த்த குரு கதையும் அவரு எழுதினதுதான். முட்டாள் குருவும் சீடர்களும் யோசனை பண்ணிப் பண்ணியே கெட்டுப்போற கதை. உன் பட்டியலைப் பாத்ததும் எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு.

அவசரமும் படாதே. நம்ம ஊருப் பூமி ஆறரைக் கோடி வருசத்துக்கு முந்தி கடல். வாரணவாசி அருங்காட்சியகத்துல போயிப் பாரு, கடல் உசுருங்க கல்லாக் கெடக்கும். அந்தக் கடல்தான் வேலை மாறிச் சுண்ணாம்புக்கல் ஆச்சு. இப்ப சிமெண்டுக் கம்பெனிக்கு லாரியில போவுது. கடலுக்கே அம்புட்டு நாளு ஆயிருக்கு, நீ ஜனவரி ரெண்டாந்தேதிக்குள்ள மாறணும்னு குதிக்கிறே.

வேலையை விடறதுன்னாலும் அதுக்கு நம்ம ஊருலயே ஒரு பாடம் உண்டு. 1956 நவம்பர் 23, மருதையாத்துப் பாலத்துல வெள்ளம், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூத்துக்கு மேல செத்தாங்க. அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்டு ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினாரு. அதோட அவரு முடிஞ்சாரா? திரும்ப மந்திரியானாரு, 1964ல பிரதமரும் ஆனாரு. விட்டதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதான் ஊரு மறக்கலை. ஒனக்கு மேனேஜர் போட்ட மெசேஜுல "ப்ளீஸ்" இல்லைங்கறது காரணம் ஆகாது. நோட்டீஸ் பீரியடே மூணு மாசம். வீட்டு லோனுக்கு இஎம்ஐ மாசாமாசம் போவுது. அடுத்த ஆஃபர் லெட்டர் கையில வர்ற வரைக்கும் கோவத்தை மடியில முடிஞ்சு வை.

ஆகவே பேராண்டி, அந்த லேப்டாப் பையை அப்பாயிகிட்டக் குடு. நெல்லுக் குதிருக்குப் பின்னாடி வச்சிருவா. ஜனவரியில போயி ஒரே ஒரு காரியத்தை மாத்து. கஞ்சி ஆற வச்ச அந்த மாதிரி வேலையில ஒன்னைக் கேட்டு வாங்கு. உள்ள கெடைக்கலைன்னா அப்புறம் வெளியில தேடு.

இதைப் படிக்கிற மத்த வீட்டுப் பேரன் பேத்திங்களுக்கும் சேத்தே சொல்லிப்புடறேன். மொதல்ல தூங்குங்க, அப்புறம் வீட்டாளுங்ககிட்டப் பேசுங்க, முடிவு கடைசியில. ராஜினாமாக் கடுதாசியை மட்டும் லீவுல எழுதாதீங்க, சம்பளத் தேதியில எழுதுங்க. பணம் கணக்குல ஏறின அன்னிக்கும் விடணும்னு தோணிச்சுன்னா அது நெசம், தாராளமா விடுங்க.