முதல் நாற்காலி மனுதாரருக்கு

(இந்த வாரக் கேள்விகள்: பசுமை அரசு அலுவலகங்கள்)

‘பசுமைக் கட்டடம்’ என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். எதைப் பார்த்து நம்புவது?
*– வாசகி, திருவாரூர்*

பலகையை விடுங்கள். பகல் 12 மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். விளக்குப் போடாமல் மனுவைப் படிக்க முடிகிறதா? கரன்ட் போனாலும் கூடத்தில் காற்று ஓடுகிறதா? மொட்டைமாடியில் விழும் மழை எங்கே போய்ச் சேர்கிறது? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் நம்பலாம். நட்சத்திரச் சான்றிதழ் நல்ல தொடக்கம்தான். ஆனால் மாதாமாதம் வரும் மின்கட்டணம்தான் உண்மையான மதிப்பெண் பட்டியல்.

அப்படி ஒரு அரசு அலுவலகம் இந்தியாவில் இருக்கிறதா?
*– வாசகர், மதுரை*

இருக்கிறது. டெல்லி ஜோர் பாக்கில் உள்ள இந்திரா பர்யாவரண் பவன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கும் இந்தக் கட்டடம் 2014-ல் திறக்கப்பட்டது. கட்டியது மத்தியப் பொதுப்பணித் துறை. மாடியில் 930 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள். ஓராண்டுக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம்.

எல்லோரும் தகடுகளைத்தான் படம் எடுக்கிறார்கள். பாடம் அவற்றுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு தொகுதிகள், நடுவில் திறந்த முற்றம், நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. அதனால் பெரும்பாலான இடங்களுக்குப் பகல் வெளிச்சமே போதும். முதலில் தேவையைக் குறைத்தார்கள், பிறகு தகடு போட்டார்கள். வரிசை மாறினால் செலவு கூடிவிடும்.

முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டால்தான் நவீனம் என்கிறாரே எங்கள் ஊர் ஒப்பந்ததாரர்?
*– வாசகர், கோவை*

அந்த நவீனத்துக்கு வாடகை ஏ.சி. பில்லில் வரும். நம் ஊரில் கிழக்கும் மேற்கும்தான் வில்லங்கமான திசைகள். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலை சன்ஷேடால் தடுக்க முடியாது. அந்தப் பக்கம் கண்ணாடி வைத்தால் வெப்பம் உள்ளே வந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை வையுங்கள். பெரிய ஜன்னல்களைத் தெற்கிலும் வடக்கிலும் வையுங்கள். மே, ஜூன் மாதங்களில் நண்பகல் சூரியன் தமிழ்நாட்டுக்கு வடக்கே நிற்கும் என்பதால் வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சன்ஷேட் அவசியம். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பாதுகாப்பு என்று சொல்லி மக்களை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். திறந்த கட்டடம் நடக்கிற காரியமா?
*– வாசகி, நாகர்கோவில்*

நடந்திருக்கிறது. பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் ரைஷ்டாக் கட்டடத்தை நார்மன் ஃபோஸ்டர் புதுப்பித்து 1999-ல் முடித்தார். அவையின் தலைக்கு மேலே கண்ணாடிக் குவிமாடம். அதற்குள் சுழன்று ஏறும் பாதையில் பொதுமக்கள் இலவசமாக நடக்கலாம். குவிமாடத்தின் நடுவே 360 கண்ணாடிகள் பதித்த கூம்பு ஒன்று சூரிய ஒளியைக் கீழே அவைக்கு அனுப்புகிறது. அவையின் வெப்பக் காற்று வெளியேறுவதும் அதன் வழியாகத்தான்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம் வடிவமைத்து 2006-ல் திறக்கப்பட்ட செனத் என்ற நாடாளுமன்றக் கட்டடத்திலும் மக்கள் மேல்தளத்தில் நின்று, கீழே உறுப்பினர்கள் விவாதிப்பதைப் பார்க்கலாம். கூரையில் விழும் மழைநீர் கழிப்பறைகளுக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஆனால் அது உள்ளே விடுவதற்கான சோதனை.

பழைய அலுவலகத்தை இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். நல்லதுதானே?
*– வாசகர், தஞ்சாவூர்*

இடிக்கும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும். சிமென்டும் இரும்பும் தயாராகும்போதே ஏராளமான கரியமில வாயுவைக் காற்றில் கலந்துவிடுகின்றன. நிற்கிற சுவருக்கு அந்தச் செலவு மறுபடி இல்லை. சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபுகளின் கலச மகால் 2012-ல் தீயில் நாசமானது. இடித்துத் தள்ளாமல் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை ஏது?

எங்கள் தாலுகா ஆபீஸில் பணம் குறைவு. முதலில் எதைச் செய்யலாம்?
*– வாசகி, சிவகங்கை*

மொட்டைமாடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு (கூல் டைல்) பதியுங்கள். பழைய மின்விசிறிகளை பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் விசிறிக்கான மின்சாரம் பாதிக்குக் கீழே வரும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். ஐப்பசி அடைமழைக்கு முன் அந்தக் குழியைத் தூர்வாருங்கள். சாய்தளமும் குடிநீரும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவைதான். மக்களால் பயன்படுத்த முடியாத அலுவலகம் எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தினாலும் வீண்.

உங்களிடம் ஒரு கலெக்டர் அலுவலகத்தை வடிவமைக்கச் சொன்னால், முதல் கோட்டை எங்கே போடுவீர்கள்?
*– வாசகர், விழுப்புரம்*

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருபவர்கள் காத்திருக்கும் இடத்தில். நல்ல காற்றும் நல்ல வெளிச்சமும் முதலில் அந்தக் கூடத்துக்கு. அதிகாரிகளின் அறைகள் அதற்குப் பிறகு. இது கருணைக்காக மட்டும் சொல்வதல்ல. ஆள்கூட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் வெப்பமும் அதிகம். அதை இயற்கைக் காற்றால் ஆற்றினால்தான் பெரிய சேமிப்பு. உங்கள் ஊரில் புது அலுவலகம் வருகிறதென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வரைபடத்தைக் கேளுங்கள். காத்திருப்புக் கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். மேற்கு வெயிலில் இருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஆட்சேபனை எழுதிக் கொடுங்கள்.