இலக்கைத் தவறவிட்ட ஒரு வீட்டின் விளக்க அறிக்கை

அனுப்புநர்:
ஆளுநர் (சம்பளமில்லாப் பொறுப்பு),
அடுப்படி மத்திய வங்கி,
உறையூர், திருச்சி.

பெறுநர்:
நாணயக் கொள்கைக் குழுவினர்,
இந்திய ரிசர்வ் வங்கி,
மும்பை.

பொருள்: வீட்டுச் செலவு தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இலக்கைத் தாண்டியமை – விளக்க அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 45 இசட்என் என்று ஒரு பிரிவு இருப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலைவாசி ஆண்டுக்கு நான்கு சதவீதம் ஏறலாம்; அதற்கு மேல் இரண்டு, கீழே இரண்டு என்று சலுகையும் உண்டு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் அந்த எல்லைக்குள் நிற்காவிட்டால், நீங்கள் மத்திய அரசுக்கு அறிக்கை எழுத வேண்டும். ஏன் தவறியது, என்ன செய்யப்போகிறோம், எப்போது சரியாகும் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2022இல் அப்படி நேர்ந்தது. நவம்பர் 3ஆம் தேதி அதற்கென்றே தனியாகக் கூடினீர்கள், அறிக்கையும் போனது. அதில் என்ன இருந்தது என்று நாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் இலக்கு தவறிவிட்டது. அதே மூன்று கேள்விகளுக்கு நானும் பதில் எழுதியிருக்கிறேன். என் அறிக்கையை மட்டும் எல்லோரும் படிக்கலாம். இரண்டு அறை வீட்டில் எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது.

முதலில் எங்கள் குழுவைப் பற்றி. உங்களைப் போலவே இங்கும் ஆறு உறுப்பினர்கள். நிர்வாகத் தரப்பில் நான், வீட்டுக்காரர், என் மாமியார். வெளி உறுப்பினர்களாக ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெரியவன், நாலாம் வகுப்புச் சின்னவள், ஓய்வுபெற்ற மாமனார். உங்கள் வெளி உறுப்பினர்கள் சுதந்திரமாகப் பேசுவார்களாம். எங்களுடையவர்கள் சுதந்திரமாகக் கேட்பார்கள். வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தால் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு உண்டு என்கிறது உங்கள் சட்டம். இங்கே ஆளுநர் நான்தான். இரண்டாவது வாக்கை மட்டும் அத்தை வைத்திருக்கிறார். நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறீர்கள். நாங்கள் தேதி இருபதைத் தாண்டிவிட்டால் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது கூடுகிறோம். உங்கள் கூட்டக் குறிப்புகள் பதினாலாம் நாள் வெளியாகும். எங்களுடையவை மறுநாள் காலை கோலம் போடும்போதே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும்.

1. தவறியதற்கான காரணங்கள்

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத் தொடங்கிய அந்த வரிசையிலேயே இதுதான் மிகக் குறைவு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அந்த மாதம் 20ஆம் தேதி தீபாவளி. ஆறு பேருக்குத் துணி, பட்டாசு, பலகாரம், வேலைக்கு வரும் அக்காவுக்குப் புடவை, தெருவில் வந்து நிற்கும் அத்தனை பேருக்கும் இனாம் எல்லாம் முடிந்து நான் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் பேப்பரைக் கொண்டுவந்து முன்னால் போட்டார். "விலைவாசியே ஏறலையாம் பாரு. அப்புறம் உனக்கு மட்டும் எப்படி எக்ஸ்ட்ரா ஆவுது?"

2024 அக்டோபரில் இதே எண் 6.21ஆக இருந்தது. அன்றைக்குப் பேப்பரை அவர் என்னிடம் காட்டவில்லை. ஒரு வருஷம் ஆறேகால் ஏறி, அடுத்த வருஷம் கால் மட்டும் ஏறினால் விலை இறங்கிவிட்டது என்று ஆகாது. ஏறிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் ஏறும் வேகத்தை அளக்கிறீர்கள். நான் ஏறி நிற்கும் உயரத்துக்குப் பணம் கட்டுகிறேன்.

நியாயமாகச் சொன்னால், காய்கறி இறங்கியது உண்மை. காந்தி மார்க்கெட்டில் தக்காளியையும் வெங்காயத்தையும் யோசிக்காமல் அள்ள முடிந்தது. ஆனால் அதே வருஷம் தேங்காய் விலையும் தேங்காயெண்ணெய் விலையும் ஏறிய ஏற்றத்தில், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கேட்டவர்களுக்கு வேர்க்கடலைச் சட்னி வைத்தேன். பொருளாதாரப் புத்தகம் இதை 'மாற்றுப்பொருளை நாடும் நுகர்வோர்' என்று பாராட்டும். மாமா "இது என்ன சட்னி?" என்று மட்டும் கேட்டார்.

பணவீக்கத்தை அளக்கும் கூடையை முடைவது நீங்கள் அல்ல, புள்ளியியல் அமைச்சகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூடையைப் பார்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அந்த 2012 கூடையில் 299 பொருட்கள் இருந்தன. குதிரை வண்டிக் கட்டணம்கூட இருந்தது. சின்னவள் ஸ்கூல் வேனுக்கு நான் கட்டுவதைக் கேட்டால், குதிரை வாங்கி நாமே ஓட்டலாமா என்றுதான் உங்களுக்கும் தோன்றும். அதில் கல்விக்கு நூற்றுக்கு 4.46 பங்கு. தங்கத்துக்கு 1.08. இதை வாசித்துக் காட்டினேன். அத்தை, "பொம்பளப் பிள்ள இருக்கிற வீட்டுல பவுனு ஒரு பங்குதானாமா? எழுதினவனுக்குப் பொண்ணு இல்ல போல" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது.

கல்வி 4.46 என்பது மாதக் கணக்கில் பரப்பிப் பார்த்தால் இருக்கலாம். ஆனால் எந்தப் பள்ளியும் ஃபீஸை மாதத்துக்குக் கொஞ்சமாகப் பரப்பி வாங்குவதில்லை. ஜூன் மாதம் ஒரே அமுக்காக டெர்ம் ஃபீஸ், புத்தகம், நோட்டு, பெல்ட், டை, கறுப்பு ஷூ, புதன்கிழமைக்கென்று வெள்ளை ஷூ. அதற்குப் பிறகு வருஷம் முழுக்க, ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கடை அடைத்த பிறகு ஒரு குரல்: "அம்மா, நாளைக்குத் தெர்மாகோல் கொண்டுபோகணும்." இந்தச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்து மொய். அன்பளிப்பாகக் கொடுக்கும் பணம் நுகர்வுச் செலவு ஆகாது என்பதால் அது கூடைக்குள்ளேயே வராது. வைகாசியிலும் ஆவணியிலும் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவு தெரியாத அளவுக்குப் பத்திரிகைகள் ஒட்டியிருக்கும். மொய்க்கு உங்கள் நாலு சதவீதம் செல்லாது. போன தடவை 501 எழுதியவர் இந்தத் தடவை 521 எழுதினார் என்று நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? நேராக 1001தான். டியூஷன், வேன், வேலைக்கு வருகிறவரின் சம்பளம் எல்லாமே அப்படித்தான். ஐந்நூறு ஐந்நூறாகத் தாவும். உங்கள் வரைபடத்தில் வளைந்து போகும் கோடு எங்கள் வீட்டுக்குள் படிக்கட்டாகத்தான் வருகிறது. அதிலும் ஏறும் படி மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்து இந்தியர் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். ஆறு பேருக்குப் பெருக்கினால் 41,976. பேஷ். ஆனால் எங்கள் வீட்டில் ஆறு சராசரி மனிதர்கள் இல்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், மூட்டுவலித் தைலம் தேய்க்கிற ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேன்ட் கணுக்காலுக்கு மேல் போய்விடுகிற ஒருவன் என்று ஆளுக்கு ஒரு விதம்.

2. எடுத்துவரும் நடவடிக்கைகள்

அ) மையப் பணவீக்கம்: உணவும் எரிபொருளும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றை விலக்கிவிட்டு ஒரு பணவீக்கம் பார்ப்பீர்கள் அல்லவா, அந்த முறையை வீட்டிலும் கொண்டுவந்தேன். சாப்பாட்டையும், சிலிண்டரையும், பெட்ரோலையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டுச் செலவு அருமையாகக் கட்டுக்குள் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசுக்கு ஏறியபோதுகூட என் மையக் கணக்கு அசையவில்லை. மூன்று வேளைச் சமையலை நிறுத்த உறுப்பினர்கள் சம்மதித்தால் இந்த முறை நிரந்தரமாகவே பலன் தரும்.

ஆ) வட்டி வழி: 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ வட்டியைப் பத்து மாதத்துக்குள் 6.5க்குக் கொண்டுபோனீர்கள். விலைவாசியை அடக்கத்தான். எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி தவணைத் தொகையை ஏற்றாமல், கருணையோடு தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. பெரியவன் கல்லூரி முடிப்பதற்குள் தீர வேண்டிய கடன், இப்போது அவன் கல்யாணத்துக்கும் வந்து பந்தியில் உட்காரும்போல இருக்கிறது. கூடையில் வீட்டு வாடகை உண்டு. வீட்டுக் கடன் தவணை கிடையாது. ஆக, விலைவாசி நோய்க்கு நீங்கள் கொடுத்த மருந்தின் விலை மட்டும் விலைவாசியில் சேராது. 2025இல் நாலு முறை குறைத்து 5.25க்குக் கொண்டுவந்தீர்கள், நன்றி. ஏற்றம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது லிஃப்டில் வந்தது. இறக்கம் மாடிப்படியில் வந்துகொண்டிருக்கிறது.

இ) முன்கூட்டிய வழிகாட்டுதல்: அடுத்து என்ன செய்வோம் என்று சந்தைக்கு நீங்கள் சூசகமாகச் சொல்வதைப் போல, நானும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். "பொங்கலுக்குப் பாக்கலாம்." "பரீட்சை முடியட்டும், பாக்கலாம்." சின்னவளிடம் இந்த உத்தி பலிக்கவில்லை. "நீ பாக்கலாம்னா கிடையாதுன்னு அர்த்தம். சரின்னா சொல்லு, இல்லன்னா இல்லைன்னு சொல்லு" என்கிறாள். மத்திய வங்கியின் வார்த்தைக்கு நம்பகத்தன்மை முக்கியம் என்று நீங்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஈ) கையிருப்பு: அவசரத்துக்கென்று யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைப்பது பற்றி இங்கே விரிவாக எழுத முடியாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், மூன்று டப்பாக்களின் விவரத்தை நானும் இரண்டு டப்பாக்களின் விவரத்தை அத்தையும் குடும்பத்தின் முன் வெளியிட வேண்டி வந்தது. அதன் பிறகு எங்கள் கையிருப்புக் கொள்கை இன்னும் ரகசியமானது.

உ) உண்மையில் பலன் தரும் நடவடிக்கை: மேலே சொன்ன எதனாலும் மாதக் கடைசியில் கணக்கு நேராவதில்லை. நேராவது வேறு வழியில். பல் டாக்டரிடம் போக வேண்டியதை ஜனவரியிலிருந்து பங்குனிக்குத் தள்ளுவேன். கண்ணாடி பவர் மாறியிருக்கிறது, பழையதே போதும் என்பேன். ஆபீசுக்கு ஆட்டோவில் போவதற்குப் பதில் மகளிர் இலவசப் பேருந்து. கூட வேலை பார்ப்பவர்கள் டூர் போனால் எனக்குத் தலைவலி வந்துவிடும். உங்கள் மையக் கணக்கில் உணவும் எரிபொருளும் விலக்கப்படுகின்றன. எங்கள் வீட்டுக் கணக்கில் விலக்கப்படுவது நான். செலவே நடக்காததால் இதை எந்தப் புள்ளிவிவரமும் பிடிக்காது. வாங்கிய பொருளுக்குத்தான் குறியீட்டு எண் உண்டு. வாங்காமல் விட்டதற்குக் கிடையாது. திருச்சியில் மட்டுமல்ல, நாடு முழுக்க இப்படித்தான் எத்தனையோ வீடுகள் இலக்கை எட்டிக்கொண்டிருக்கின்றன.

3. இலக்கை எட்ட ஆகும் காலம்

எந்த மாதத்தில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, மோட்டார் ரிப்பேர், ஃபீஸ் ஆகிய ஏழும் சேர்ந்தாற்போல் வரவில்லையோ அந்த மாதம். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்ததில் மார்கழி மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அதிலும் அரையாண்டு விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது.

விண்ணப்பம்

குடும்பங்கள் விலைவாசியை எப்படி உணர்கின்றன என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 19 நகரங்களில் ஆய்வு நடத்துகிறீர்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும் வருகிறீர்கள். மக்கள் அதில் சொல்லும் எண் பெரும்பாலும் அரசு எண்ணைவிட அதிகமாக இருக்கிறது என்பதையும் நீங்களே வெளியிடுகிறீர்கள். அதை மக்களின் 'உணர்வு' என்று ஒதுக்கிவிடாமல், ஒரு நடை திருச்சிக்கும் வாருங்கள். ஹாலில் பேப்பர் படிப்பவரிடம் கேட்காமல், நோட்டு எழுதுகிறவரிடம் கேளுங்கள். உங்கள் கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேருங்கள்: "இந்த மாதம் உங்களுக்காக வாங்க நினைத்து எதைத் தள்ளிவைத்தீர்கள்?" அந்தப் பதில்களுக்கு ஒரு குறியீட்டு எண் போட்டால், அதைப் பார்த்து நீங்கள் வட்டியை ஏற்றுங்கள், இறக்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

புதிய கூடைக்கு 2024ஐ அடிப்படை ஆண்டாக எடுத்திருக்கிறார்கள். நல்லது. முடைந்தவர்களிடம் என் சார்பில் மொய்யையும் தெர்மாகோலையும் நினைவூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் முடிவில் மூச்சுவிடாமல் ஓர் எச்சரிக்கை வாசிக்கிறார்கள். மாதாமாதம் வெளியாகும் பணவீக்க எண்ணுக்குக் கீழேயும் அப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லி உரியவர்களிடம் பரிந்துரைக்க வேண்டுகிறேன்: "இந்த எண் தேசிய உபயோகத்துக்கு மட்டும். கணவன்மார் இதை வீட்டில் மேற்கோள் காட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆளுநர், அடுப்படி மத்திய வங்கி

இணைப்பு: தீபாவளி மாதக் கணக்கு நோட்டு (அத்தை பார்க்கக் கூடாத பக்கங்கள் நீங்கலாக).

நகல்: வீட்டுக்காரருக்கு, தகவலுக்காக மட்டும். நடவடிக்கை எதிர்பார்க்கப்படவில்லை.