வலது தோள் அரை அங்குலம்

‘கஸ்டமைஸ்டு’ என்ற பலகை இல்லாத கடைத்தெரு இன்று இல்லை. பிறந்தநாள் கேக், கல்யாண ஜாக்கெட், மாடுலர் கிச்சன், மொபைல் கவர், பெயர் பொறித்த காபி மக் என்று எதைக் கேட்டாலும் கஸ்டமைஸ்டாகக் கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலையும் உண்டு. நான் பிறந்து வளர்ந்த தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில், எழுபதுகளில், எங்கள் வீட்டுப் பொருள்களில் பாதிக்கு மேல் சொல்லிச் செய்தவைதான். அம்மாவின் தோடு பத்தரிடம், கட்டில் ஆசாரியிடம், எங்கள் சட்டைகள் கடைத்தெரு டெய்லரிடம். அதற்குத் தனிப் பெருமை ஏதும் இல்லை. சாதாரணக் குடும்பங்களுக்கு வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அப்பா ஒரே துணியில் மொத்தமாகக் கிழித்து வாங்கி வந்துவிடுவார். அண்ணன், தம்பி, நான் மூவருக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை. டெய்லர் கடை என்பது ஒரு திண்ணை. இரண்டு கால் மெஷின், ஒரு கரிப்பெட்டி, ஓரமாக உட்கார்ந்து காஜா எடுக்கும் பையன். விறைத்து நின்றால் டெய்லர் அளவே எடுக்கமாட்டார். “தம்பி, பட்டாளத்துக்கா போறே? எப்பவும் நிக்கிற மாதிரி நில்லு” என்பார். நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து உயரம், மார்பு, தோள், கை என்று அவர் சொல்லச் சொல்லப் பையன் நீள நோட்டில் எழுதுவான். துணியின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வைப்பார்கள், யாருடைய துணி எது என்று மாறிவிடாமல் இருக்க.

ஒருமுறை அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து என்னையே பார்த்தார். பிறகு அம்மாவிடம், “அக்கா, தம்பிக்கு வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு. அந்தப் பக்கம் தோள்ல பிடிச்சுத் தைச்சுடுறேன், காலர் சாயாது” என்றார். பெற்றவளுக்கே அதுவரை தெரியாது. நோட்டில் என் அளவுகளுக்குக் கீழே ‘வ.தோள் ½ இறக்கம்’ என்று ஏறியது. அடுத்த வருஷம் உயரமும் மார்பும் மாறின. அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. அம்மாவின் வேண்டுகோள் எப்போதும் ஒன்றே: “வளர்ற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தைங்க தம்பி.” கால்சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டிருப்பார். மறு வருஷம் பிரித்து இறக்கித் தருவார், அதற்குக் கூலி வாங்கமாட்டார்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். தீபாவளிக்கு முந்தின இரவு பத்து மணிக்கும் காஜா எடுக்காத சட்டைக்காகத் திண்ணையில் காத்திருந்திருக்கிறோம். வயதுக்கு வந்த பெண்கள் அளவெடுக்கக் கூச்சப்பட்டு, பழைய ஜாக்கெட்டை அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்தனுப்பி, பொருந்தியதைப் போட்டுக்கொண்டார்கள். ரெடிமேட் வந்தபோது பலருக்கு அது விடுதலை. கையில் காசு இருக்கும் அன்றே கடைக்குப் போய், போட்டுப் பார்த்து, வாங்கி வரலாம். ஆனால் அதில் இருந்த அளவு நம்முடையதல்ல. பிரிட்டிஷ், அமெரிக்க அளவுப் பட்டியல்களைக் கொஞ்சம் மாற்றித்தான் நம் நிறுவனங்கள் துணி வெட்டின. இந்திய உடலுக்கென ஒரு பட்டியல் உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியாசைஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கியதே சில ஆண்டுகளுக்கு முன்னால்தான். ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அதன் திட்டமாக இருந்தது.

அண்மையில் ஓர் இணையக் கடையில் கஸ்டமைஸ்டு சட்டை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். காலரில் பல வகை, கைப்பட்டியில் பல வகை, பொத்தானின் நிறம், பையின் மேல் என் பெயரின் முதலெழுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அளவை நானே எடுத்து நானே நிரப்ப வேண்டும். ‘அளவுகள் சரியென உறுதி கூறுகிறேன்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால்தான் பணம் கட்டும் பக்கம் வரும். தோள் இறக்கத்துக்கு அங்கே கட்டம் இல்லை. வந்த சட்டையின் துணி நல்ல துணி, தையலும் சுத்தம். போட்டுக்கொண்டால் காலர் வலப்பக்கம் சாய்ந்தது. கேட்டதற்கு, “கஸ்டமைஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன், ஆல்டரேஷன் இல்லை சார்” என்று பதில் வந்தது.

லண்டனின் சாவில் ரோ தெருத் தையற்காரர்கள் அளவெடுத்துத் தைக்கும் தொழிலை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள அச்சை ஒருவர் அளவுக்கு மாற்றினால் அது மேட் டு மெஷர். அவருக்கென்றே புதிதாகக் காகிதத்தில் அச்சு வெட்டி, பலமுறை போட்டுப் பார்த்துத் திருத்தினால் பெஸ்போக். அவர்களுடைய அளவுக் குறிப்பிலும் வலது தோள் இறக்கத்துக்கு ‘டிஆர்எஸ்’ என்று ஒரு சுருக்கெழுத்து உண்டு. எங்கள் ஊர்த் திண்ணை நோட்டில் இருந்ததும் அதுதான். 2008-இல் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பிடம் ஒரு புகார் போனது. அளவெடுத்த பின் இயந்திரத்தில் வெட்டித் தைக்கும் சூட்டையும் பெஸ்போக் என்று விளம்பரம் செய்வதில் தவறில்லை என்று அது முடிவு சொல்லிவிட்டது. அங்கேயே அப்படியென்றால், இங்கே கஸ்டமைஸ்டு என்று எழுதுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

எழுதிக்கொள்ளட்டும். என் மனக்குறை வேறு. அன்று டெய்லர் என்னைப் பார்த்தார். நான் சொல்லத் தெரியாததையும் குறித்துக்கொண்டார். பிசகினால் பிரித்துத் தைத்தார். கண்ணும் கணக்கும் அவருடையவை, பொறுப்பும் அவருடையது. இன்று கடைக்காரர் விரித்த பட்டியலிலிருந்து நான் பொறுக்குகிறேன். அளவெடுக்கும் வேலை என்னிடம் வந்துவிட்டது, அதோடு பொறுப்பும் வந்துவிட்டது. கூடுதல் பணம் மட்டும் அவரிடம் போகிறது. எனக்கென்று செய்ததாகச் சொல்லும் பொருளுக்குத்தான், எனக்குப் பொருந்தாவிட்டால் கேட்க நாதியில்லை.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் அரை அங்குலத் தோளுக்காக யார் வழக்காடப் போகிறார்கள்? இது வியாபாரிகள் மனம் வைத்துச் செய்ய வேண்டிய காரியம். படிவத்தின் கடைசியில் ‘உங்கள் உடல்வாகு பற்றி வேறு ஏதும் சொல்ல வேண்டுமா?’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அதைப் படிக்க ஓர் ஆளை வையுங்கள். உள்ளே ஓர் அங்குலம் துணி விடுங்கள். முதல் ஆல்டரேஷனை இலவசமாகச் செய்யுங்கள்.

வாங்குகிற நாமும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்போம்: அளவெடுப்பது யார், சரியில்லை என்றால் திருத்தித் தருவது யார், எத்தனை நாளில்? இதற்குப் பதில் சொல்லக்கூடிய டெய்லர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தையல் கூலியை உயர்த்திக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்போம். ஒருவருக்கென்று செய்கிறேன் என்று சொல்லிக் காசு வாங்கியவர், அது அவருக்குப் பொருந்தும்வரை பொறுப்பாளி. கூடுதல் விலை அந்தப் பொறுப்புக்குத்தான்.